பரண்ல ஒரு மெஷின், மாமியார் காதுல ஒரு மெஷின்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 38 வயசு, வேலைக்கு போறேன். எங்க வீட்ல ஒரு வருஷமா ஒரே சண்டை, அதுவும் விளம்பரத்த வெச்சு. "விளம்பரம்னாலே பொய், அதை பாத்து பாத்துதான் வீடு குப்பையாகுது"ன்னு சொல்லி என் வீட்டுக்காரர் என் போன்ல கூட ஆட் பிளாக்கர் போட்டுட்டார். காரணம் இருக்கு, ஒத்துக்கறேன். போன வருஷம் வீடியோ நடுவுல வந்த விளம்பரத்த பாத்து கையில புடிச்சு தைக்கிற குட்டி தையல் மெஷின் ஒண்ணு வாங்கினேன். மூணே நாள், பரணுக்கு போயிருச்சு. அதுக்கு முன்னாடியும் இந்த மாதிரி நாலஞ்சு ஐட்டம் மேல கிடக்கு. ஆனா என் மாமியாருக்கு காது மெஷின் வாங்கினதும் நான் பாத்த ஒரு விளம்பரத்தாலதான். அதை சொன்னா "அது வேற"ங்கறார். இத்தனைக்கும் விளம்பரமே பாக்க மாட்டேங்கற மனுஷன் ரெண்டு வருஷத்துல மூணாவது போன்ல இருக்கார். யார் சொல்றது சார் சரி? நீங்க விளம்பர கம்பெனில இருந்தவர்னு தெரியும், அதான் உங்ககிட்ட கேக்கறேன்.

பதில்: வணக்கம் மேடம். "அது வேற"ன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே, விஷயமே அந்த ரெண்டு வார்த்தையிலதான் இருக்கு. அவர் பேச்ச முடிக்கறதுக்காக அதை சொல்லியிருப்பார், நான் அங்கேர்ந்தே ஆரம்பிக்கறேன்.

16 வருஷம் விளம்பரத்துக்கு வாசகம் எழுதி சம்பளம் வாங்கினவன் நான். அதை விட்டுட்டு இப்போ ஒம்பது வருஷமா, கடன்ல மாட்டின குடும்பங்களோட உக்காந்து வரவு செலவு பாக்கற வேலை. குழி வெட்டினவனே இப்போ ஏணி விக்கறான்னு பழைய ஆபீஸ் நண்பர்கள் கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டும், தப்பில்ல.

காது மெஷினையே எடுத்துக்குவோம். உங்க மாமியாருக்கு காது கேக்கலங்கறது விளம்பரம் வர்றதுக்கு முன்னாடியே வீட்ல எல்லாருக்கும் தெரியும், டிவி சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும், ஒரு விஷயத்த மூணு தடவ கத்தி சொல்லி நாலாவது தடவ "ஒண்ணுமில்ல விடுங்க"ன்னு நீங்களே விட்டிருப்பீங்க. தெரியாதது என்னன்னா, சட்டைப்பைல டப்பாவும் வயரும் தொங்குற அந்த காலத்து மெஷின் மாறி காதுக்கு பின்னாடி உக்கார்ற அளவுல சார்ஜ் போட்டு மாட்டிக்கற மாதிரி வந்திருக்கு, டெஸ்ட் பண்ணி அவங்க காதுக்கு ஏத்த மாதிரி செட் பண்ணி தருவாங்க, இதெல்லாம்தான். விளம்பரம் வந்து அந்த ஓட்டைய அடைச்சுது. இதை தகவல்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?

விளம்பரம் மொத்தமா இல்லாம போனா நல்லா இருக்கும்னு நினைக்கறவங்களுக்கு நான் ஒரு கேஸ் சொல்றது வழக்கம். அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துல ஒரு காலத்துல, டாக்டர் சீட்டுக்கு குடுக்கற மருந்தோட விலைய மருந்துக்கடைக்காரங்க விளம்பரம் பண்ணவே கூடாதுன்னு சட்டம் இருந்துச்சு, கௌரவமான தொழில்ல போயி விலைய கூவி விக்கலாமாங்கற நினைப்பு. அதை எதிர்த்து கோர்ட்டுக்கு போனது கடைக்காரங்கன்னு நினைப்பீங்க, இல்லவே இல்ல, மருந்து வாங்கற ஜனங்களோட அமைப்பு. எங்களுக்கு விளம்பரம் வேணும்னு கேட்டு போனாங்க! ஒரே பகுதியில ஒரே டெட்ராசைக்ளின் மாத்திரை ஒரு இடத்துல 1.20 டாலர், இன்னொரு இடத்துல 9 டாலர்னு வித்த கதை அந்த தீர்ப்புலயே இருக்கு. 1976ல உச்ச நீதிமன்றம் அந்த தடைய தூக்கிருச்சு. அதுக்கு நாலு வருஷம் முன்னாடி லீ பென்ஹாம்னு ஒரு பொருளாதாரக்காரர் மூக்குக்கண்ணாடி விலைய ஆராய்ச்சி பண்ணினார், கண்ணாடி விளம்பரத்துக்கு தடை இருந்த மாநிலங்கள்ல ஜனங்க நல்லாவே கூட காசு குடுத்திருந்தாங்க. விலை என்னன்னு யாரும் சத்தமா சொல்லலன்னா விக்கறவன் வெச்சதுதான் விலை. அதனால விளம்பரம்னாலே பொய்ங்கற உங்க வீட்டுக்காரர் பேச்சுல நான் சேர மாட்டேன்.

சரி, இப்போ பரண் மேல ஏறுவோம்.

அந்த கையடக்க தையல் மெஷின் விளம்பரத்துல பொய் ஏதாவது இருந்துச்சா? நீங்க எந்த கம்பெனிது வாங்கினீங்கன்னு எனக்கு தெரியாது, தெரியவும் வேணாம், ஆனா அந்த மாதிரி வீடியோவ நான் நிறைய பாத்திருக்கேன். ஒரு கை, ஸ்டேப்ளர் மாதிரி ஒரு சாமான், திரைச்சீலை ஓரம், டக்டக்குன்னு பத்து செகண்ட்ல நேர்க்கோடா ஒரு தையல். அது நிஜ தையல்தான், கிராஃபிக்ஸ் இல்ல. ஆனா பெரிய தையல் மெஷின்ல மேல ஒரு நூல், கீழ பாபின்ல ஒரு நூல், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பின்னி புடிச்சுக்கும். இந்த குட்டி மெஷின்ல பெரும்பாலும் ஒத்த நூல்தான், சங்கிலித் தையல். முடியற இடத்துல நூலை வளையத்துக்குள்ள விட்டு நீங்களே கையால முடிச்சு போடணும். போடலன்னா நூலோட அந்த முனைய புடிச்சு ஒரு இழு இழுத்தா ஸ்வெட்டர் பிரியற மாதிரி மொத்தமும் சர்ருன்னு உருவிக்கும். உங்களுக்கும் மூணாவது நாள் இதுதான் நடந்திருக்கும்னு பந்தயம் கட்டறேன். வீடியோல அந்த பத்தாவது செகண்டோட கட் பண்ணியிருப்பாங்க, முடிச்சு போடற கை அதுல வராது. நானா இருந்தாலும் அங்கதான் கட் பண்ணியிருப்பேன்.

நாங்க வேலை பாத்த விதமே அதுதான், பொய் சொன்னா மாட்டிக்குவோம், ஆனா எங்க நிறுத்தணுங்கறது எங்க கைல. பொருளாதாரத்துல பிலிப் நெல்சன்னு ஒருத்தர் 1970ல சரக்க ரெண்டா பிரிச்சு சொன்னார், சிலதோட தரம் வாங்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம், சிலதோடது வீட்டுக்கு கொண்டு வந்து புழங்கினா மட்டுந்தான் தெரியும்னு. மேஜை எவ்வளவு நீளம், போன்ல எவ்வளவு மெமரி, இதுல எல்லாம் விளம்பரம் ரொம்ப ஏமாத்த முடியாது, டேப்ப வெச்சு அளந்துருவீங்க. தையல் நிக்குமா, நாற்காலி முதுகுக்கு ஒத்து வருமா, கிரீம் வேலை செய்யுமா, இந்த ரெண்டாவது ரகத்துலதான் எங்களுக்கு ஜாலி. உங்க பரண்ல இருக்கற நாலஞ்சு ஐட்டத்தையும் இறக்கி பாருங்களேன், ஒண்ணு விடாம ரெண்டாவது ரகமா இருக்கும்.

இதைவிட மோசமான ஒரு ரகம் இருக்கு, அதுல நானே கைய நனைச்சிருக்கேன். ஒரு கம்பெனி, பேர் வேணாம், செருப்பு அலமாரிக்குள்ள ஒட்டி வெக்கிற மாதிரி வாசனை டப்பா ஒண்ணு கொண்டு வந்தாங்க. விளம்பரம் எழுதறதுக்கு முன்னாடி ஜனங்கள கூப்பிட்டு உக்கார வெச்சு பேசுவோம், வீட்ல என்ன தொல்லை, எது எரிச்சல்னு. அன்னிக்கு நாப்பது பேருக்கு மேல பேசினோம், ஒருத்தர் வாயிலயும் செருப்பு அலமாரி வரல. யாருக்குமே அது ஒரு பிரச்சனையா இல்ல. நியாயமா பாத்தா சரக்க திருப்பி அனுப்பியிருக்கணும், ஆனா மீட்டிங்ல என்ன சொன்னாங்கன்னா, "தொல்லை இல்லன்னா நாம ஒண்ணு குடுப்போம்." அப்புறம் நான் எழுதினேன். விருந்தாளி ஒரு அம்மா வாசல்ல செருப்ப கழட்டறாங்க, அலமாரி கதவு லேசா திறந்திருக்கு, அவங்க மூக்கு ஒரே ஒரு தடவ சுருங்குது, வீட்டுக்காரம்மா அதை பாத்துடறாங்க. வசனமே கிடையாது. அந்த மூக்கு சுருக்கத்துக்கு மட்டும் பதினோரு டேக் போச்சு, கூடுதலா சுருக்கினா காமெடி, கம்மியா சுருக்கினா தெரியாது.

விளம்பரம் டிவில வந்த முதல் வாரம், எங்கம்மா ஹால்ல உக்காந்து பாத்தாங்க. எழுதினது நான்தான்னு அவங்களுக்கு தெரியும். பாத்து முடிச்சுட்டு ஒண்ணும் பேசல, எந்திரிச்சு போயி எங்க வீட்டு செருப்பு அலமாரிய திறந்து மோந்து பாத்தாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நான் வேலைய விட்டது அதனாலன்னு சொன்னா சினிமா மாதிரி இருக்கும், அதுக்கப்புறமும் அஞ்சு வருஷம் அங்கதான் இருந்தேன், ஈஎம்ஐ இருந்துச்சு. ஆனா அந்த மோந்து பாத்தது மறக்கல.

இது நாங்க கண்டுபுடிச்ச வித்தையும் இல்ல. லிஸ்டரின்னு வாய் கொப்பளிக்கிற மருந்து, 1879ல அது ஆபரேஷன் காயத்துக்கு கிருமிநாசினியா வந்த சரக்கு. 1920கள்ல அதை விக்க ஹாலிடோசிஸ்னு வாய் நாத்தத்துக்கு யாரும் புழங்காத ஒரு மருத்துவ வார்த்தைய தேடி எடுத்து, கல்யாணம் ஆகாத பொண்ணு, பக்கத்துல வந்தா முகத்த திருப்பிக்கற ஆளுங்க, காரணம் என்னன்னு அவளுக்கு மட்டும் தெரியாதுன்னு விளம்பரமா போட்டு தள்ளினாங்க. விற்பனை எங்கயோ போச்சு. அவங்க வித்தது பயத்த, கூடவே ஒரு பாட்டில் தந்தாங்க.

கால்பிரெய்த்னு ஒரு பெரிய பொருளாதார மேதை 1958லயே இதை புடிச்சார், சரக்க உண்டாக்கறவனே அதுக்கான ஆசையையும் உண்டாக்கறான்னா, அப்புறம் அவன் ஜனங்களோட தேவைய தீக்கறான்னு எப்படி சொல்றதுன்னு கேட்டார். நல்ல கேள்விதான். ஆனா 1961ல ஹாயக்னு இன்னொரு பொருளாதாரக்காரர் அதுக்கு ஒரு பதில் குடுத்தார், சாப்பாடு, தங்க இடம் மாதிரி நாலு விஷயத்த விட்டா மனுஷனோட முக்கால்வாசி ஆசை மத்தவங்கள பாத்து வர்றதுதான், இசையும் இலக்கியமும் கூட அப்படித்தான், யாரும் பொறக்கும்போதே கேட்டு பொறக்கல, அதுக்காக அதெல்லாம் தேவையில்லாததுன்னு ஆயிருமான்னு. எனக்கு ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் சரியாத்தான் படுது. ஆசை வெளிய இருந்து வந்துச்சுங்கறது மட்டும் குத்தமில்ல. வந்த ஆசை ஆறு மாசம் கழிச்சும் வீட்ல புழக்கத்துல இருக்கா, பரண்ல இருக்கா, அதை பாத்தா போதும்.

இப்போ உங்க வீட்டுக்காரர். அவரையும் சும்மா விடக் கூடாது இல்ல.

ரெண்டு வருஷத்துல மூணு போன்ங்கறீங்க. அவர்கிட்ட ஒண்ணு கேளுங்க, மூணாவது போன் வாங்கறதுக்கு முந்தின மாசம் எத்தன அன்பாக்ஸிங் வீடியோ பாத்தார், எத்தன "இதை வாங்கலாமா வேணாமா" வீடியோ பாத்தார்னு. ஆட் பிளாக்கர் என்ன பண்ணும்னா விளம்பரம்னு பேர் எழுதின டப்பாவ மட்டும் மறைக்கும். ஒரு பையன் கேமரா முன்னாடி உக்காந்து, கம்பெனி சும்மா அனுப்பின போன கையில வெச்சுக்கிட்டு, பழைய மாடல் ஸ்க்ரீன் இப்போ கொஞ்சம் டல்லா தெரியுதுன்னு போற போக்குல சொல்றத எந்த பிளாக்கரும் தடுக்காது, கீழ இருக்கற லிங்க்ல வாங்கினா அவனுக்கு கமிஷன், அது சின்ன எழுத்துல இருக்கும் இல்ல இருக்காது. நான் எழுதின மூக்கு சுருக்கம் மாதிரியேதான் அந்த "டல்". விளம்பரம்னு தெரிஞ்சு பாக்கறவங்களுக்கு கொஞ்சமாவது உஷார் இருக்கும், உங்களுக்கு இருந்துச்சு, அதனாலதான் தையல் மெஷின் வாங்கினது உங்களுக்கே உறுத்துது. ரிவ்யூன்னு நினைச்சு பாக்கறவருக்கு அந்த உறுத்தலே வராது. ஒரு பொருள திரும்ப திரும்ப கண்ல பாத்தாலே அது மேல ஒரு ஒட்டுதல் வந்துரும்னு ராபர்ட் ஸயான்ஸ்னு ஒரு மனோதத்துவக்காரர் 1968லயே சோதனை பண்ணி காட்டியிருக்கார். அது புத்தி கம்மியானவங்களுக்கு மட்டும்னு இல்ல, உங்க வீட்டுக்காரருக்கும் எனக்கும் சேர்த்துத்தான்.

ஆனா வீண் செலவு மொத்தத்தையும் விளம்பரத்து தலைல கட்டறதும் ஞாயம் இல்ல. அமெரிக்காவுல ஃபோர்டு கம்பெனி மாடல் டி கார பல வருஷம் கருப்பு கலர்ல மட்டுமே வித்துச்சு, வண்டிய ரிப்பேர் பாக்கறதும் சுலபம், அதே 1920கள்ல போட்டி கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸோட தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் வருஷா வருஷம் புது கலர், புது உருவம்னு இறக்கி, ஓடிட்டிருக்கற வண்டியவே பழசாக்கினார், ஃபோர்டு 1927ல மாடல் டிய நிறுத்த வேண்டியதாச்சு. அங்க சரக்கு மாறுனதுதான் முதல்ல, விளம்பரம் அதுக்கு ஊதின நாயனம். இன்னும் பாருங்க, 1924ல உலகத்து பெரிய பல்பு கம்பெனிங்க ஜெனீவாவுல ஃபீபஸ்னு ஒரு கூட்டணி போட்டு, பல்பு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல எரியக் கூடாதுன்னு ரகசியமா முடிவு பண்ணினாங்க, கூட நேரம் எரியற பல்பு செஞ்ச கம்பெனிக்கு அபராதம் வேற. இதுக்கு ஒரு வரி விளம்பரம் தேவைப்படல, சும்மாவே குப்பை கூடிச்சு. 2022ல மட்டும் உலகத்துல சேந்த எலக்ட்ரானிக் குப்பை 6.2 கோடி டன், அதுல முறையா சேகரிச்சு மறுசுழற்சி பண்ணதா கணக்குல வந்தது 22 சதவீதம் சொச்சந்தான். ஒட்டி மூடின பேட்டரி, நின்னு போற சாஃப்ட்வேர் அப்டேட், இதெல்லாம் அந்த குப்பைல எவ்வளவோ இருக்கு. உங்க வீட்டுக்காரர் நாலாவது போனுக்கு கெளம்பறதுக்கு முன்னாடி பேட்டரி மட்டும் மாத்தினா ஆகுமான்னு ஒரு தடவ காட்ட சொல்லுங்க, "போன் ஸ்லோ ஆயிருச்சு, சார்ஜ் நிக்கல"ங்கறதுல நிறைய கேஸ் அதுலயே முடிஞ்சுரும்.

வழி கேட்டீங்கன்னா, பத்து நாள் பொறுத்து வாங்குங்கன்னு எல்லாரும் சொல்றத நானும் சொல்லலாம், ஆனா என்கிட்ட வர்ற குடும்பங்கள்ல அது பாதி பேருக்கு வேலை செய்யல, பத்தாவது நாள் அலாரம் வெச்சு வாங்கறாங்க. அதனால நான் சொல்றது வேற. ஒரு பேப்பர ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க, வீட்ல எது தொல்லையோ அதை எழுதுங்க, பொருளோட பேர எழுதாதீங்க. "குட்டி தையல் மெஷின்"னு எழுதக் கூடாது. "பசங்க யூனிஃபார்ம் மடிப்பு பிரிஞ்சு கிடக்கு, டெய்லர்கிட்ட போக நேரமில்ல"ன்னு எழுதணும், தேதியோட. அப்படி எழுதினா மெஷினும் ஒரு பதில், ஊசி நூல் ஒரு பதில், வாரத்துல ஒரு நாள் போற வழில துணிய டெய்லர்கிட்ட குடுத்துட்டு போறதும் ஒரு பதில்னு தானா தெரியும். விளம்பரத்த பாத்து ஆசை வந்தா, அந்த பேப்பர்கிட்ட போயி நில்லுங்க. இந்த தொல்லை அதுல ஏற்கனவே இருந்தா, விளம்பரம் உங்களுக்கு சேதி கொண்டு வந்திருக்கு, தாராளமா விசாரிங்க. இல்லன்னா யாரோ மூக்க சுருக்கியிருக்காங்க. உங்க மாமியார் காது அந்த பேப்பர் இல்லாமலே விளம்பரத்துக்கு முன்னாடியே வீட்டு சுவத்துல எழுதி ஒட்டியிருந்துச்சு, அதுதான் உங்க வீட்டுக்காரர் சொன்ன "அது வேற"க்கு அர்த்தம், அவருக்கு அப்படி சொல்ல வரல.

ஆட் பிளாக்கர் இருக்கட்டும், அதுல எனக்கு விரோதம் இல்ல. ஆனா உங்க போன்ல அவர் போட்டது எனக்கு புடிக்கல, உங்கள கேட்டு போட்டிருக்கணும். அதைவிட பலன் தர்ற வேலை, கடை ஆப்புங்களோட நோட்டிஃபிகேஷன அணைக்கறது, கார்டு நம்பர சேவ் பண்ணி வெக்காம இருக்கறது. "இன்னும் ரெண்டு பீஸ்தான் இருக்கு", "இப்போ பதினேழு பேர் இதை பாத்துட்டிருக்காங்க", ஓடற கடிகாரம், கோடு போட்டு அடிச்ச நூறு ரூபா விலையும் பக்கத்துல நாப்பதும், இதெல்லாம் விளம்பரம்னு எந்த சட்டகத்துலயும் வராம கடைக்குள்ளயே வேலை பாக்கற கில்லாடிங்க. அடிச்ச நூறு நிஜமா என்னிக்காவது நூறுக்கு வித்துச்சான்னு பாத்தா பல நேரம் சிரிப்புதான் வரும். கடிகாரம் ஓடி முடிஞ்சதும் பக்கத்த மூடிட்டு மறுபடி திறந்து பாருங்க, சில கடைல முதல்லேர்ந்து ஓட ஆரம்பிக்கும்.

பேப்பர ரெண்டு பேருக்கும் பொதுவா ஒட்டுங்க, "போன் டல்லா தெரியுது"ன்னு அவர் கையால தேதி போட்டு எழுதட்டும், மாமியாரையும் எழுத சொல்லுங்க, பெரியவங்க எழுதற தொல்லை பெரும்பாலும் காசில்லாமலே தீர்ற மாதிரி இருக்கும்.

அப்புறம் அந்த தையல் மெஷின தூக்கி போட்றாதீங்க. இறக்கி, ஊசியோட தட்டைப் பக்கம் அந்த கையேட்டுல சொன்ன பக்கம் பாத்து இருக்கான்னு பாருங்க, திருப்பி மாட்டியிருந்தா தையல் விட்டு விட்டுத்தான் விழும். பழைய துணி ஒண்ணுல ஒரு சாண் தைச்சு, கடைசி வளையத்துக்குள்ள நூல விட்டு இறுக்கி முடிச்சு போட்டுட்டு, இழுத்து பாருங்க. நின்னா வெச்சுக்குங்க, நிக்கலன்னா எனக்கு எழுதுங்க.